சேற்று டயரில் பட்டன் வெட்டலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் காரட்டும் பூண்டும் போடுகிறோம். தோட்டத்திலிருந்து தார் ரோடு வரை மூட்டை இறக்க ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கிறேன். போன வருடம் 235/75 ஆர்15 அளவில், சேற்றுக்கென்றே வரும் மட் டெரைன் டயர் போட்டேன். ஐப்பசி மழையில், டயர் மேல் கட்டி கட்டியாகத் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே களிமண் அடைத்துக்கொண்டு டயர் உருண்டையாகிவிடுகிறது. வண்டி நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. ஓரத்துப் பட்டன்களை வெட்டி வழி விட்டால் சேறு தானாகத் தெறித்துவிடும் என்கிறார்கள் கூட ஓட்டுகிறவர்கள். வீட்டிலேயே வெட்டலாமா? எதை வைத்து வெட்டுவது, எவ்வளவு ஆழம்?
— வாசகர், மன்னவனூர்

பதில்: வெட்டலாம் தம்பி. ஆனால் பட்டனை வெட்டுங்கள், பள்ளத்தை வெட்டாதீர்கள். இரண்டு பட்டன்களுக்கு நடுவே கம்பெனிக்காரன் விட்டிருக்கிற பள்ளத்தின் அடிதான் உங்கள் எல்லை. கத்தி அதற்குக் கீழே மயிரிழைகூட இறங்கக் கூடாது.

நாமக்கல்லில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் வைக்கிற ரீட்ரெடிங் பட்டறையில் பஃபிங் மெஷின் முன்னால் நின்றவன் நான். தேய்ந்த டயரைச் சுரண்டச் சுரண்ட உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கிற வேலை அது. மேலே பட்டன் ரப்பர். அதற்கடியில் மெல்லிய ஒரு ரப்பர் படுகை. அதை அடுத்து உடனே இரும்புக் கம்பிப் பட்டை. கார், ஜீப்புக்கு வரும் ரேடியல் டயரில் பள்ளத்தின் அடிக்கும் கம்பிக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதில் ஒரு மில்லிமீட்டரைக் கத்தி தின்றுவிட்டால், அடுத்த கூர்க்கல் நேராகக் கம்பியில் போய் நிற்கும். தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், பட்டை ரப்பரை விட்டுப் பிரியும். வெளியே பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் வேகத்தில் போகும்போது மேல்தோல் மொத்தமாக உரிந்து வரும்.

லாரி டயரில் ஆழமாகவே கோடு வெட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். லாரி, பஸ் டயர்களில் சிலவற்றின் பக்கச் சுவரில் ‘ரீகுரூவபிள்’ என்று அச்சடித்திருக்கும். பின்னால் வெட்டிக்கொள்வதற்கென்றே பள்ளத்துக்கு அடியில் கூடுதல் ரப்பர் வைத்து வார்த்த டயர்கள் அவை. அப்படிப்பட்ட டயருக்கே, வெட்டி முடித்த பிறகு டயருக்குள் இருக்கும் நூல், கம்பி அடுக்குக்கு மேல் குறைந்தது 3/32 அங்குலம், அதாவது சுமார் 2.4 மில்லிமீட்டர் ரப்பர் மிஞ்ச வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஜீப் டயரில் அந்த எழுத்து இருக்காது. பள்ளத்தை ஆழப்படுத்தும் பேச்சே உங்களுக்கு வேண்டாம்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் இன்னொன்று கேட்கிறேன். சேற்றில் இறங்கும்போது காற்று எவ்வளவு வைக்கிறீர்கள்? ரோட்டுக்கு வைக்கிற 30 பிஎஸ்ஐயோடு களிமண்ணில் இறங்கினால் எந்த டயரும் மாட்டும். வெறும் வண்டி என்றால் 18 வரை இறக்கிப் பாருங்கள். டயர் தரையில் நீளமாகப் படுக்கும். பட்டன்கள் வளைந்து நிமிர்கிறபோது இடுக்கில் இருக்கும் மண் உடைந்து வெளியேறும். மூட்டை ஏற்றியிருந்தால் 22க்குக் கீழே போகாதீர்கள்; பாரத்தோடு திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும். தார் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் காற்றைத் திரும்ப நிரப்ப வேண்டும். இன்னொன்று, அடைத்துக்கொண்டது தெரிந்தவுடன் வண்டியை நிறுத்தாமல், இரண்டாவது கியரில் ஒரு நொடி ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சேற்றை உதறுவது பள்ளத்தின் அகலம் மட்டுமில்லை, சக்கரம் சுற்றுகிற வேகமும்தான். மெதுவாகச் சுற்றும் சக்கரத்தில் எவ்வளவு வெட்டினாலும் களிமண் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒரு மழைக்காலத்துக்கு இதைச் செய்து பாருங்கள். பாதிப் பேருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

அதன் பிறகும் அடைத்தால் வெட்டுவோம்.

முதலில் ஆழம் அளக்கிற கேஜ் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. புது மட் டயரில் பட்டன் உயரம் 14, 15 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு வருடம் ஓடிய உங்கள் டயரில் 12 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 9க்கு மேல் வெட்டாதீர்கள். அடியில் விடுகிற அந்த 3 மில்லிமீட்டர் பாலம்தான் வெட்டிய இரண்டு துண்டுகளையும் ஒன்றாகப் பிடித்திருக்கும். அதையும் அறுத்துவிட்டால் பட்டன் வேரோடு ஆடும், கல்லில் ஏறும்போது பிய்ந்து போகும். உயரம் 8க்குக் கீழே வந்துவிட்ட டயரை வெட்டுவதில் பயனே இல்லை.

நடு வரிசைப் பட்டன்களைத் தொடாதீர்கள். பிரேக் பிடிப்பதும் வண்டி நேராக ஓடுவதும் அவற்றால்தான். ஓரத்துப் பெரிய பட்டன்களில் மட்டும், உள் பள்ளத்திலிருந்து பக்கச் சுவர் பக்கமாகச் சேறு வெளியே வழிந்து போகிற மாதிரி, ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே ஒரு கோடு. வெட்டிய பிறகு மிஞ்சுகிற ஒவ்வொரு துண்டின் அகலமும் அதன் உயரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். உயரம் அதிகமாகி அகலம் குறைந்தால் அந்தத் துண்டு நிற்காது, மடங்கும். மடங்கி மடங்கி அடியில் விரிசல் விடும். சின்னப் பட்டனாக இருந்தால் விட்டுவிடுங்கள். சில டயர்களில் பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். கல் சிக்காமல் தள்ளிவிடுவதற்காக வைத்தவை அவை. அசிங்கமாக இருக்கிறது என்று சீவிவிடாதீர்கள்.

கருவி என்றால் சூடாக்கி வெட்டும் டயர் குரூவிங் கத்திதான். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வோல்ட்டைக் குறைத்து, கரண்ட்டைக் கூட்டி, ‘யு’ மாதிரி வளைந்த பிளேடைச் சூடாக்கும். பிளேடு இரண்டு வகையில் வரும், அடி வட்டமானது, அடி சதுரமானது. வட்டமானதையே வாங்குங்கள். சதுர மூலையில்தான் விரிசல் முதலில் பிறக்கும். வட்ட அடியில் இழுவிசை பரவிவிடும். பிளேடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை ஸ்க்ரூ வைத்து இறுக்கலாம். 9 மில்லிமீட்டர் என்றால் 9 நீட்டி இறுக்குங்கள். அப்புறம் கை நடுங்கினாலும் அதற்கு மேல் இறங்காது.

ஆங்கிள் கிரைண்டர் வைத்து வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஆழம் கைக்குத் தெரியாது, சக்கரம் ரப்பரில் பிடித்துக்கொண்டு எகிறும், எரிகிற துணுக்கு முகத்தில் தெறிக்கும். அந்தச் சூடு வெட்டிய இடத்தோடு நிற்பதும் இல்லை, ரப்பரைச் சுற்றிலும் கருக்கிவிடும். கருகிய ரப்பருக்கு உயிர் கிடையாது. நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிரும்.

டயரை ரிம்மோடும் காற்றோடும் வைத்தே வெட்டுங்கள். ரப்பர் விறைப்பாக நிற்கும். வண்டியிலேயே வைத்து வெட்டுவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். பள்ளத்தில் இருக்கும் கல்லையெல்லாம் ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்து, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு பட்டனுக்கு அட்டையில் அளவு வெட்டி, அதையே ஒவ்வொரு பட்டன் மேலும் வைத்து வெள்ளைச் சாக்பீஸால் கோடு போடுங்கள். கண் மதிப்பில் வெட்டினால் சுற்றி முடிக்கும்போது கோடு எங்கேயோ போயிருக்கும். திறந்த வெளியில் உட்காருங்கள். ரப்பர் புகையில் கந்தகம் இருக்கிறது. மூடிய ஷெட்டில் உட்கார்ந்தால் அன்று ராத்திரி முழுக்க இருமல்தான். தோல் கையுறை, கண்ணாடி, மாஸ்க் மூன்றும் வேண்டும்.

பிளேடு சரியான சூட்டில் இருக்கிறதா என்பதை இழையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சூடு போதாவிட்டால் இழுக்க வேண்டியிருக்கும், ரப்பர் பிய்ந்து பிய்ந்து வரும். அதிகமானால் புகை குபுகுபுவென்று வந்து, வெட்டிய இடம் பிசுபிசுக்கும். சரியான சூட்டில் கத்தியைச் சும்மா வழிநடத்தினால் போதும். முறுக்கு அச்சிலிருந்து மாவு இறங்குவது போல ரப்பர் ஒரே இழையாக வெளியே வரும், வெட்டிய அடி வழவழவென்று கறுப்பாக மின்னும். நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்திய இடத்தில் பிளேடு ரப்பரைச் சுட்டு ஒரு குழி விழும், அது விரிசலுக்கு வாசல். உள்ளிருந்து வெளியே ஒரே இழுப்பு. முதல் பட்டனை வெட்டியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக நூலோ, பளபளவென்று கம்பியோ ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த டயரின் கதை முடிந்தது. பூசி மறைத்து ஓட்டாதீர்கள்.

ஒவ்வொரு டயரிலிருந்தும் வந்த இழைகளைத் தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள். கடைசியில் நான்கு பைகளையும் பூண்டு நிறுக்கிற தராசில் போடுங்கள். எடை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நான்கு டயரையும் ஒரே மாதிரி வெட்டியிருக்கிறீர்கள். ஒரு பை மட்டும் கனத்தால் அந்த டயரில் எங்கேயோ ஆழமாகவோ அகலமாகவோ போயிருக்கிறீர்கள். கேஜை எடுத்து எங்கே என்று தேடுங்கள். எடை சரியாக இருந்தாலும் வீல் பேலன்ஸிங் பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் இறக்க வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வெட்டிவிடவும் வேண்டாம். பின் டயர் இரண்டை வெட்டிச் சேற்றில் ஓட்டிப் பாருங்கள், முன்னால் இருப்பதை அப்புறம் யோசிக்கலாம். எந்தக் கத்தியும் வெட்டிய ரப்பரைத் திருப்பி ஒட்டாது.

அமெரிக்காவில் பாறை ஏறுகிற வண்டிக்காரர்கள், இன்டர்கோ கம்பெனியின் சூப்பர் ஸ்வாம்பர் மாதிரி கனத்த டயரை வாங்கிய கையோடு வெட்டுவது உண்டு. அந்த வண்டிகளில் பல டிரெய்லரில் ஏறித்தான் மலைக்கு வருகின்றன, திரும்பியும் அப்படியே போகின்றன. உங்கள் ஜீப் அப்படியில்லை. வெட்டிய டயர் தார் ரோட்டில் சத்தம் போடும், வேகமாகத் தேயும், ஈரத்தில் பிரேக் பிடித்தால் பட்டன்கள் நெளிந்து வண்டி தள்ளிக்கொண்டு போகும். தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே ஓட்டுங்கள், எனக்குப் பயமில்லை. அந்த டயரோடு மழையில் வத்தலக்குண்டு இறக்கத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். கீழே போவதற்கு வேறு ஒரு செட் டயர் வைத்துக்கொள்ளுங்கள். வசதிப்படாவிட்டால் டயரை வெட்டாமல், சேற்றில் இறங்கும்போது மட்டும் இரும்புச் சங்கிலி சுற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்கு என் முதல் ஓட்டு சங்கிலிக்குத்தான்.

கேள்வி: வால்பாறைக்கு அடிக்கடி போகிறவன். என் வண்டியின் மட் டயர் மண்ணில் அருமையாகப் பிடிக்கிறது, மழை பெய்த தார் ரோட்டில் வழுக்குகிறது. பட்டன் மேல் மெல்லிய கீறல்கள் போட்டால் சரியாகும் என்கிறார்களே?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: உண்மைதான், கீறல் உதவும். ஈரத் தாரில் பிடிப்பைக் கொடுப்பது பட்டனின் விளிம்புகள். மட் டயரில் பட்டன் பெரியது, விளிம்பு குறைவு. கத்தி கனத்தில் கீறல் போட்டால் விளிம்பு கூடும், நீர்ப்படலம் அந்த இடுக்கில் ஒதுங்கும். ஜான் சைப் என்ற அமெரிக்கர் 1923இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. இன்று மழைக்கும் பனிக்கும் வருகிற டயர்களில் அச்சிலேயே இந்தக் கீறலோடு வார்த்து அனுப்புகிறார்கள்.

கையால் போடுவதானால் ஆறு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் வேண்டாம். பட்டனின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை இழுக்காமல், இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு நிறுத்துங்கள். கரையைத் தொட்ட கீறல் கிழியும். சூடில்லாத கத்தி என்றால் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டால் வழுக்கிப் போகும். கீறிய பட்டன் ஜல்லியில் துண்டு துண்டாகப் பிய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியை வைத்துப் பார்த்தால் உங்கள் ஓட்டம் பெரும்பாலும் ரோட்டில். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவருக்கு மட் டயர் எதற்கு? அடுத்த முறை ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் டயர் போடுங்கள். கீறல் வேலையே தேவைப்படாது.

கேள்வி: சின்ன யானை வண்டி ஓட்டுகிறேன். 145 ஆர்12 பழைய டயர் இரண்டு வாங்கினேன். கோடு நன்றாக ஆழமாக இருந்தது. ஒரு மாதத்துக்குள் ஒன்று வெடித்துவிட்டது. பார்த்தவர்கள் வெட்டிய டயர் என்றார்கள். வாங்கும்போதே கண்டுபிடிப்பது எப்படி?
— வாசகர், ஈரோடு

பதில்: உயிரோடு எழுதியிருக்கிறீர்கள், அதுவே பெரிது. மேலே மன்னவனூர்க்காரருக்குச் சொன்னேனே, பள்ளத்துக்குக் கீழே கத்தி போகக் கூடாது என்று, அதைத்தான் இவர்கள் தொழிலாகச் செய்கிறார்கள். மொட்டையான டயரில் மிச்சமிருக்கும் அந்த இரண்டு மில்லிமீட்டரைச் சுரண்டிக் கோடு போட்டு, கறுப்பு பாலிஷ் அடித்து அடுக்கிவைக்கிறார்கள். பாரம் ஏற்றுகிறவன் தலையில் அதைக் கட்டுவது கொலைக்குச் சமம் என்பேன்.

டயரின் தோள்பட்டையில் ‘டிடபிள்யூஐ’ என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகக் கோட்டுக்குள் பாருங்கள். குறுக்கே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சின்ன ரப்பர் தடுப்பு இருக்க வேண்டும். தேய்மானத்தைக் காட்டுவதற்காக அச்சிலேயே வார்த்தது அது. கோடு ஆழமாக இருந்து தடுப்பு மட்டும் இல்லையென்றால், கத்தி அதையும் சேர்த்து அள்ளியிருக்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

விரலைக் கோட்டுக்குள் விட்டு ஓட்டிப் பாருங்கள். அச்சில் வார்த்த கோட்டின் அடி ஒரே சீராக இருக்கும். கை வெட்டில் ஏற்ற இறக்கமும், கத்தி நின்று நின்று போன தழும்பும் தட்டுப்படும். இரண்டு கோடுகளின் அகலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23வது வாரம் செய்தது. வருடம் பழையது, கோடு மட்டும் புதுசாக ஆழமாக இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். பாலிஷ் மின்னுகிற டயரை ஈரத் துணியால் துடைத்துப் பார்க்க விடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். மிச்சமிருக்கிற இன்னொரு டயரையும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், ஸ்டெப்னிக்குக்கூட வேண்டாம்.

பணம் இடிக்கிறது என்றால், நல்ல கேஸிங் (மேல் ரப்பருக்கு அடியில் இருக்கும் டயர்க் கூடு) உள்ள டயராகப் பார்த்து, தெரிந்த பட்டறையில் ரீட்ரெட் செய்தது வாங்கிப் பின்னால் போடுங்கள். அங்கே பழைய ரப்பரைச் சுரண்டி, கேஸிங்கைச் சோதித்து, புது ரப்பர் வைத்து வேகவைக்கிறார்கள். வெட்டிய டயரும் ரீட்ரெட்டும் ஒன்றென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: மண் டிராக்கில் பைக் ஓட்டுகிறேன். பின் டயரின் குமிழ்கள் முனை மழுங்கிவிட்டன, உயரம் இருக்கிறது. முனையை மட்டும் வெட்டிக் கூராக்கலாமா?
— வாசகர், கோவை

பதில்: தாராளமாக. மோட்டோகிராஸ் ஓட்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது. குமிழின் முன் விளிம்புதான் மண்ணைக் கடிக்கிறது. அது உருண்டுவிட்டால் டயர் சறுக்கும். மழுங்கிய விளிம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நேராகச் சீவி எடுங்கள். அடிப்பகுதி அகலமாகவே இருக்கட்டும். அதற்கு முன்னால், டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இல்லையென்றால், கழற்றித் திருப்பி மாட்டுங்கள். தேயாத பின் விளிம்பு முன்னால் வந்துவிடும், கத்தியே வேண்டாம். ரோட்டிலும் ஓட்டுகிற பைக் என்றால் சீவாதீர்கள். வளைவில் சாயும்போது அந்தக் குமிழ்தான் உங்களைத் தாங்குகிறது.

கேள்வி: டிராக்டர் பின் டயர் தேய்ந்துவிட்டது. நடவுக்கு முன் வயலில் தொளி அடிக்கும்போது (சேறு கலக்கும்போது) சுற்றுகிறது. பட்டன் நடுவே வெட்டிக் கொடுக்கிறேன் என்கிறார் ஒருவர். செய்யலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம் ஐயா. டிராக்டர் டயரில் இடைவெளி ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. உங்களுக்குக் குறைவது பட்டனின் உயரம். உயரத்தைக் கத்தி கொடுக்காது. நடுவே ஆழப்படுத்தினால் நூல்தான் வெளியே வரும், வயலில் கிடக்கிற அறுத்த தாளே குத்திவிடும். தொளிக்குக் கேஜ் வீல், அதாவது கூண்டு மாதிரி இருக்கும் இரும்புச் சக்கரம், மாட்டுங்கள். சேற்றில் பாரத்தைத் தாங்குவதும் உந்துவதும் அந்த இரும்புச் சக்கரம் பார்த்துக்கொள்ளும், டயருக்கும் ஓய்வு. ரோட்டில் ஏற்றுவதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். டயர் மாட்டியிருக்கிற திசையையும் ஒரு முறை சரிபாருங்கள். அம்புக்குறி வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். இடமும் வலமும் மாறிப்போய் மாட்டியிருந்தால் சேறு வெளியே தள்ளப்படாமல் நடுவில் குவியும்.

அப்படியும் சுற்றினால், தேய்ந்த டயரை ரீட்ரெட்டுக்குக் கொடுங்கள். டிராக்டர் டயருக்குப் புதுப் பட்டன் வைத்துத் தருகிற பட்டறைகள் இருக்கின்றன. கொண்டுபோகும்போது உள்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள். உள்ளே நூல் அறுந்திருந்தால் அந்த டயருக்குச் செலவு செய்யாதீர்கள்.